உபன்யாசத்துக்குப் பேனா எதற்கு

போன வாரம் காலை நடைக்குப் போனபோது நம் கூட்டத்தில் ஒருத்தி, "கோயில்ல ஒரு வாரம் உபன்யாசம் வெச்சிருக்காங்க, வர்றீங்களா?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "பேனா கொண்டு வரணுமா?" என்று கேட்டுவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறேனா என்று விசாரித்தாள். நம் வயதில் வேடிக்கையாக ஏதாவது சொன்னால்கூட அதற்கு வைத்தியம் பார்க்க ஆள் வந்துவிடுகிறது. எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, தோழிகளே. நம்பாதவர்களுக்காக அந்தப் பேனாவின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்த வருஷம் அது. எங்கள் ஊர் கேரளத்தில், கொல்லங்கோட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்குப் போகிற சாலையில் பாதி வழியில் இருந்தது. தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை நீலமாக நிற்கும். மழையெல்லாம் அங்கேயே தங்கிவிடும், எங்களுக்குக் காற்று மட்டும் வரும். அந்தக் காற்றும் வெயிலும் அப்பாவுக்குத் தோதாக இருந்தன. அவருக்குத் தேங்காய்க் களம். தேங்காயை உடைத்துக் களத்தில் காயப்போட்டு, கொப்பரையாக்கி, மூட்டை மூட்டையாகக் காங்கேயத்துக்கு அனுப்புவார். எங்கள் வீட்டில் தலையணை, ரவிக்கை, என் புத்தகப் பை எல்லாமே கொப்பரை வாசனை அடிக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அதனால் நாள் முழுக்கப் பசித்துக்கொண்டே இருந்தது.

அப்பா பேசமாட்டார். தலையை மேலும் கீழும் ஆட்டினால் சரி, பக்கவாட்டில் ஆட்டினால் கூடாது, ஆட்டவே இல்லையென்றால் அம்மா தன் இஷ்டப்படி செய்துகொள்ளலாம். அம்மா அதற்கு நேர்மாறு. அவளுடைய தம்பி, என் மாமா, அவளையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். கோவிந்தாபுரத்திலிருந்து சித்தூர் வரை ஓடும் ஒரு பிரைவேட் பஸ்ஸில் அவர் கண்டக்டர். எதிரில் நிற்பவரிடம் பேசினாலும் கடைசி சீட்டில் இருப்பவருக்குச் சொல்வதுபோலத்தான் பேசுவார். இப்படி ஒரு பக்கம் இடி, மறு பக்கம் மௌனம் என்று இருந்த வீட்டில் நான் அப்பா பக்கம் போய்விட்டேன். வெளியாள் யாராவது என்னிடம் பேர் கேட்டால் எனக்குக் காது சிவக்கும், தொண்டை அடைத்துக்கொள்ளும், கண் தரையில் எறும்பைத் தேடும்.

இதனால் வந்த வினையைக் கேளுங்கள். ஒரு சனிக்கிழமை அம்மா என்னைக் கொல்லங்கோட்டுக்கு அனுப்பி மல்லியும் பெருங்காயமும் வாங்கி வரச் சொன்னாள். திரும்பி வரும்போது நான் ஏறியது மாமாவின் பஸ் இல்லை, வேறு ஒன்று. அந்தக் காலத்து பஸ்ஸில் மணி அடிக்கிற கயிறு எனக்கு எட்டாது. எங்கள் ஊர் முக்கு வந்ததும் "ஆள் எறங்கோணும்" என்று ஒரு சத்தம் போட வேண்டும், அவ்வளவுதான். ஏறினது முதல் அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முக்கு வந்தது. வாய் திறக்கவில்லை. எங்கள் களம் ஜன்னல் வழியாகப் போனது. குனிந்து கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகும் போனது. நான் மல்லிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு அதையெல்லாம் பார்த்தபடியே செக்போஸ்ட் வரை போய்ச் சேர்ந்தேன்.

அப்போது அரிசி கடத்துகிறார்கள் என்று பெண்கள் வைத்திருக்கும் பையையெல்லாம் அங்கே சோதிப்பார்கள். ஒரு சிப்பந்தி என் பையைக் காட்டி, "எந்தா சஞ்சியில்?" என்று கேட்டார். நான் எறும்பைத் தேடினேன். அவருக்குச் சந்தேகம் வந்து பையைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். பெருங்காயம் தன் வேலையைக் காட்டியது. அவர் தும்மி முடித்து நிமிர்வதற்குள் சித்தூர் போகிற மாமாவின் பஸ் வந்து நின்றது, நான் பிழைத்தேன்.

அப்பா முக்கில் நின்றுகொண்டிருந்தார். களத்தில் வேலை செய்கிற வேட்டியோடு, மேல்சட்டை இல்லாமல், போகிற பஸ் வருகிற பஸ் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பேசினார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை.

"எறங்கோணும்னு சொல்ல வாய் வராத புள்ள தெனமும் சித்தூருக்கு எப்படிப் போயி வரும்? ஏழாவதோட போதும்."

எங்கள் பள்ளிக்கூடம் ஏழு வரைதான். அதற்கு மேல் தமிழில் படிக்க வேண்டுமானால் சித்தூருக்குப் போக வேண்டும். அந்த ஹைஸ்கூலில் ஒரு லைப்ரரி இருக்கிறது, அதில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்றே ஒரு அலமாரி இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் மனசளவில் அங்கேதான் குடியிருந்தேன். அப்பா சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொப்பரை மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன். அப்போது அப்பாவைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன். இன்று யோசித்தால், மேல்சட்டை இல்லாமல் முக்கில் நின்ற அந்த ஆள்தான் கண்ணில் படுகிறார். அவர் பயந்துபோயிருந்தார், வேறொன்றுமில்லை.

மறுநாள் ராத்திரி எங்களோடு சாப்பிட உட்கார்ந்த மாமாதான் பேரம் பேசினார். "ஏனுங்க மச்சான், புள்ள நாலு பேரு முன்னால வாயத் தொறந்து பேசிப்போட்டா அனுப்புவீங்களா?"

அப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்து முடித்தார். பிறகு தலை மேலும் கீழும் ஆடியது.

இது நடந்து கொஞ்ச நாளில் ஹெட்மாஷ், அதாவது எங்கள் தலைமையாசிரியர், என்னைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் தமிழ் டீச்சர் பிரசவ லீவில் போயிருந்தார். அவர் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஹெட்மாஷ் நல்ல மனுஷன், ஆனால் அவருக்குத் தமிழ் பேசவும் வராது, படிக்கவும் வராது. நான் எழுதுகிற நோட்டை மட்டும் அவ்வப்போது வாங்கிப் பார்த்து, கோலத்தைப் பார்ப்பதுபோல ரசித்துவிட்டுத் திருப்பித் தருவார்.

"குட்டீ, சித்தூரில் உபன்யாச மல்சரம் உண்டு. தமிழ் குட்டிகளுக்குத் தமிழில். நின்றெ பேராணு கொடுத்தது" என்றார்.

குட்டி என்றால் பிள்ளை, மல்சரம் என்றால் போட்டி, அதற்கு என் பேரைக் கொடுத்திருக்கிறார். அதுவரை எனக்குப் புரிந்தது. நான் எறும்பைத் தேடிக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தபடி, "நின்றெ கையட்சரம் நல்லதாணல்லோ" என்றார். பிறகு, பேனா மறக்கக்கூடாது, "எழுதான் ஒரு போர்டும் வேணம்" என்றும் சொல்லி அனுப்பினார்.

தோழிகளே, உங்களை நான் அலையவிடப்போவதில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் உபன்யாசம் என்றால் கட்டுரை. காகிதத்தில் எழுதுவது. அதற்குப் பேனா வேண்டும், வாய் வேண்டாம். கையட்சரம் என்றால் கையெழுத்து. எழுதான் என்றால் எழுதுவதற்கு, போர்டு என்றது காகிதத்துக்கு அடியில் வைக்கிற அட்டையை. நமக்கோ உபன்யாசம் என்றால் கோயில் மண்டபம், ஜமுக்காளம், மைக், கழுத்தில் மாலை, பக்கத்தில் ஜால்ரா, பின்பாட்டு, கடைசியில் சுண்டல். தமிழில் வாய் ஓயாத ஒரு சொல், மலையாளத்துக்குள் போனதும் வாயை மூடிக்கொண்டு எழுத உட்கார்ந்துவிடுகிறது. இது எனக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் அதற்குப் பேர் கட்டுரை, நானும் டீச்சரும் அப்படித்தான் சொல்வோம்.

ஆகவே ஹெட்மாஷுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். ஊமையைப் பிடித்து மேடையில் ஏற்றுகிறாரே, நான் அவருக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அம்மா மட்டும் கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டாள். "நாலு பேருன்னதுக்குத் தலையாட்டுனாருல்ல உங்கொப்பன்? சாமி நானூறு பேரைக் கூட்டியாந்து காட்டுது பாரு!"

மாமா வந்ததும் நான் ஹெட்மாஷ் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். மாமாவுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. பஸ்ஸில் ஏறு, இறங்கு, முன்னே போ, சில்லறை எடு என்பதைத் தாண்டி அவருடைய மலையாளம் போனதில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

"உபன்யாசம் மலையாளத்துலயும் உபன்யாசந்தான், தமிழ்லயும் உபன்யாசந்தான். ரெண்டும் சமஸ்கிருதமல்லோ!" என்றார் மாமா.

"கையட்சரம்னா என்னங்க மாமா?"

அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "கைய ஆட்டறது. உபன்யாசம் பண்றவங்க கையாலயே ஆகாசத்துல அட்சரம் எழுதற மாதிரி ஆட்டிப் பேசுவாங்க, பாத்ததில்லயா? உன்ற கை வாக்கு நல்லா இருக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது."

"பேனா எதுக்குங்க?"

"ஜட்ஜு மார்க்குப் போடோணுமல்லோ. கவருமெண்டுல பேனா கொடுக்க மாட்டாங்க, நாமதான் கொண்டுபோகோணும்."

"போர்டு?"

"எழுதின போர்டு ஒண்ணு வேணும்னு சொல்லியிருக்காரு. இன்னார் உபன்யாசம்னு வாசல்ல வெக்கறதுக்கு."

எல்லாம் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். இன்றைக்கும் அதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. அப்பா கையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார், தலையை எந்தப் பக்கமும் ஆட்டவில்லை.

மறுநாளிலிருந்து என் தொண்டைக்கு வந்தது கேடு. அம்மா மிளகையும் பனங்கற்கண்டையும் இடித்து வாயில் போட்டாள். அத்தை, மாமாவின் மனைவி, குரல் திறக்கும் என்று தினமும் காலையில் ஒரு பச்சை முட்டையை உடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். அந்த முட்டை நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிற விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. குரல் திறக்கவில்லை. முட்டை உள்ளே இருப்பதனால் வாயைத் திறக்க முன்னைவிடப் பயமாக இருந்தது.

கதையை மாமாவே கொடுத்தார். கோயில் நோம்பி, திருவிழா என்றால் அவர் உபன்யாசம் விடாமல் கேட்பவர். மழையில்லாத ஒரு ஊர். அங்கே ஒரு கிழவி, மழை பெய்கிறவரை சாமி வெளியே வரக்கூடாது என்று கோயிலைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுகிறாள். அதில் பாதி எங்கோ கேட்டது, பாதி அவரே கட்டியது. மாமா அதைச் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அப்பறம் என்னாச்சுங்க மாமா?"

"அப்பறம் லாஸ்ட் டிரிப்புக்கு நேரமாயிருச்சு கண்ணு."

அவர் கேட்ட எல்லாக் கதைகளும் அப்படித்தான். பஸ் எடுக்க ஓடிவிடுவதால் ஒரு கதைக்கும் அவருக்கு முடிவு தெரியாது. "நீ எழுதி மனப்பாடம் பண்ணு. முடிவு என்னமாச்சும் நீயே போட்டுக்க" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான். கொப்பரை மூட்டை மேல் உட்கார்ந்து அந்தக் கதையை எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். என் முடிவில் மழை கொட்டுகிறது. கிழவிக்குச் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துபோகிறது. கூரை ஒழுகி, தொப்பலாக நனைந்த சாமி உள்ளேயிருந்து கதவைத் தட்டித் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறது. அதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். எழுதுகிறபோது என் தொண்டை ஒருநாளும் அடைத்ததில்லை.

பேசிப் பார்க்கிற இடம் களம். மாமா என்னை ஒரு கல்லின் மேல் ஏற்றி நிறுத்துவார். எதிரே உடைத்த தேங்காய் மூடிகள் வெள்ளை வெளேரென்று வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகக் கிடக்கும். "இதுதான் சபை. இவங்களுக்குச் சொல்லு" என்பார். நான் மூடிகளைப் பார்ப்பேன், மூடிகள் என்னைப் பார்க்கும். மாமா ஜால்ராவை ஒரு தட்டுத் தட்டுவார். காக்கைகள் பறந்துபோகும். நான் இரண்டு கையையும் ஆகாசத்தில் ஆட்டுவேன், ஏனென்றால் அதுதான் எனக்கு நன்றாக வரும் என்று ஹெட்மாஷே சொல்லியிருக்கிறாரே. குரல் மட்டும் வராது. அப்பா களத்தின் கோடியில் காக்கை விரட்டுகிற கோலோடு நிற்பார். காக்கை எல்லாவற்றையும் ஜால்ரா விரட்டிவிட்ட பிறகும் அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார்.

கடைசியில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். "வெசனப்படாத அம்மிணி. உனக்குக் குரல் நின்னுபோற எடத்துல நான் ஜால்ராவத் தட்டிப் பின்பாட்டுப் பாடி இழுத்துக்கறேன். அதுக்குள்ள நீ மூச்ச வாங்கிக்க."

போட்டி நாள் வந்தது. மாமா லீவு போட்டிருந்தார். இருந்தாலும் அவருடைய பஸ்ஸில்தான் எல்லாரும் ஏறினோம். அம்மா புதுச் சேலையில், அத்தை ஒரு தூக்குப் போசி நிறையச் சுண்டலோடு, மாமா இடுப்பில் ஜால்ராவோடு. அப்பா களத்தைப் பூட்டிவிட்டு வந்தார். நல்ல வெயில் நாளில் அவர் களத்தைப் பூட்டி நான் பார்த்ததில்லை. காதால் கேட்டால்தான் ஆயிற்று என்று முடிவு செய்திருந்தார்.

என் மடியில் போர்டு இருந்தது. பஸ்ஸுக்குப் போர்டு எழுதுகிறவரிடம் மாமா சொல்லி, ஒரு பழைய வழிப் போர்டில் எழுதி வாங்கியிருந்தார். மஞ்சளில் சிவப்பெழுத்து, என் பேரோடு: "செல்வியின் உபன்யாசம். அனைவரும் வருக." புரட்டினால் பழைய எழுத்து அப்படியே இருந்தது: "தத்தமங்கலம் வழி." தத்தமங்கலம் தாண்டியபோது பஸ் பழுதாகி நின்றுவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். மாமாவின் பஸ் அதுவரை ஒருநாளும் பழுதானதில்லை என்று அவரே பின்னாலிருந்து யாரிடமோ பெருமையடித்துக்கொண்டு வந்தார்.

சித்தூரில் அந்தப் பள்ளிக்கூடம் பெரியது. முற்றத்தில் ஒரு மாமரம். கூட்டம், மாலை, மைக் ஒன்றையும் காணோம். மாமா ஜமுக்காளம் எங்கே விரித்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போனார். அதற்குள் ஒரு டீச்சர் என் பேரைக் கூப்பிட்டு ஒரு வகுப்புக்குள் தள்ளிவிட்டார். போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே பிள்ளைகள் பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மேடை இல்லை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு அட்டை, அட்டையில் வெள்ளைத்தாள், கையில் பேனா. ஒரு மாஷ் கரும்பலகையில் மலையாளத்தில் ஏதோ எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "விஷயம் மழ. தமிழ் குட்டிகள் தமிழில் எழுதியால் மதி" என்றார். தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் எழுதினால் போதுமாம். எழுதினால்! எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்னிடமும் ஒரு தாளைக் கொடுத்தார்.

பக்கத்து பெஞ்சில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவள் தாளைப் பார்த்தேன். மேலே "கட்டுரை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

தோழிகளே, எனக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது, பிள்ளை பிறந்திருக்கிறது, வேலை கிடைத்திருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் அதற்கப்புறம் வரவில்லை. பேசவே வேண்டாம்! மழையைப் பற்றி எழுத வேண்டும், என்னிடமோ ஒரு கிழவியும் சாவியும் நனைந்த சாமியும் தயாராக இருந்தார்கள். உட்கார்ந்து போர்டை மடியில் போட்டேன். எழுத அதைவிட நல்ல பலகை உலகத்தில் கிடையாது. மேற்பார்வைக்கு வந்த மாஷ் குனிந்து பார்த்தார். "இது பஸ்ஸில் வெக்குன்னதல்லே?" என்று கேட்டுவிட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டு போனார்.

வெளியே நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாமா என்னைத் தேடிக்கொண்டு ஜன்னலோரம் வந்து காதைக் கொடுத்திருக்கிறார். ஒரு சத்தமும் இல்லை. "புள்ளைக்குக் குரல் நின்னுபோச்சு அக்கா!" என்று அம்மாவிடம் ஓடியிருக்கிறார். அம்மா பதறிப்போய், "என்னடா பாத்துட்டு நிக்கற? இழுத்துக்கறேன்னு சொன்னயல்ல, இழு!" என்றிருக்கிறாள்.

நான் கிழவி கோயிலைப் பூட்டுகிற இடத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஜங்கென்று ஜால்ரா முழங்கியது. அதைத் தொடர்ந்து, கடைசி சீட்டு வரை கேட்கிற குரலில், "அந்தக் கெழவி என்ன சொன்னாளாம்...?" என்று மாமா ராகம் இழுத்தார். "அந்தக் கெழவி என்ன சொன்னாளாம்...?" என்று அம்மாவும் அத்தையும் பின்னாலிருந்து பாடினார்கள்.

வகுப்பு முழுக்கப் பேனாக்கள் நின்றன. ஒரு சின்னப் பையன் பயந்து மையைக் கொட்டிவிட்டான். மாஷ் ஜன்னலுக்குப் போய்க் கையை ஆட்டி விரட்டினார். கையை ஆட்டினால் என்ன அர்த்தம் என்று மாமா வைத்திருந்தார் என்பது உங்களுக்கே தெரியும். ஜட்ஜு ரசிக்கிறார் என்று எண்ணி இன்னும் வேகமாகத் தட்டினார்.

மாஷ் திரும்பி, "ஆருடெ ஆள்க்காராணு இது?" என்று கேட்டார். யாருடைய மனிதர்கள் இவர்கள் என்கிறார். எல்லாப் பிள்ளைகளும் என் மடியிலிருந்த போர்டைப் பார்த்தார்கள். மாஷ் என்னிடம் வந்தார். "இனி ஒரு ஒச்ச கேட்டால் பேப்பர் வாங்ஙும்" என்றார். இன்னொரு சத்தம் கேட்டால் தாளை வாங்கிவிடுவாராம். சொல்லி முடிப்பதற்குள் வெளியே மறுபடியும் ஜங்கென்றது. அவர் கை என் தாளுக்கு நீண்டது.

என் கிழவி, என் சாவி, என் நனைந்த சாமி, என் அலமாரி எல்லாம் அந்தத் தாளோடு போகப்போகின்றன. எழுந்தேன். தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே நின்று வாயைத் திறந்தேன்.

"மாமா! நிறுத்துங்க! உபன்யாசம்னா எழுதறதுங்க! கட்டுரைங்க, கட்டுரை! பேசறதில்லீங்க, பாடறதில்லீங்க! கையட்சரம்னா கையெழுத்துங்க! கைய ஆட்டறதில்லீங்க! பேனா எழுதறதுக்குங்க, ஜட்ஜுக்கு இல்லீங்க! போர்டு மடியில வெச்சுக்கறதுங்க! அம்மா, நீங்களும் பாடாதீங்க! அத்தை, இனிமேப்பட்டு எனக்குப் பச்ச முட்டை வேண்டாமுங்க, ஒருநாளும் வேண்டாமுங்க! இங்க எல்லாரும் எழுதிட்டிருக்காங்க, நானும் எழுதோணுமுங்க! எல்லாரும் அக்கட்டால போயி மரத்தடியில வாய மூடிட்டு உக்காருங்க!"

எல்லா வகுப்புகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. மாடியிலிருந்துகூடப் பார்த்தார்கள். மாமாவின் கையில் ஜால்ரா இரண்டும் ஒட்டாமல் நின்றுபோயின. அவர் வாழ்நாளில் அவரைவிடச் சத்தமாக யாரும் பேசி அவர் கேட்டதில்லை. அம்மா புதுச் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார். திரும்பிப் போய், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைபோல மாமரத்தடியில் முதல் ஆளாக உட்கார்ந்தார்.

நான் மாஷிடம் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இருந்நு எழுதிக்கோ" என்றார். உட்கார்ந்து எழுதினேன். விட்ட நேரத்தைப் பிடிக்க வேகவேகமாக எழுதினதில் அன்று என் கையட்சரம் அவ்வளவு நல்லதாக இல்லை. சாமி கதவைத் தட்டுகிற இடம் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. பரிசு வேறு யாருக்கோ போயிற்று. யாருக்கு என்று நின்று கேட்கிற முகம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. அத்தை மட்டும் சுண்டலை வீணாக்க மனமில்லாமல் எழுதிவிட்டு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள். ஆக அந்த உபன்யாசத்துக்குச் சுண்டலாவது குறைவில்லாமல் நடந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பயணம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வைத்த பந்தயம் நாலு பேர் முன்னால் பேசுவது. நான் செய்தது பெற்றவர்களையும் மாமாவையும் ஊர் பார்க்க அதட்டியது. அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் தலை எந்தப் பக்கமும் ஆடவில்லை.

கொல்லங்கோடு தாண்டியது. எங்கள் முக்கு நெருங்கியது. மாமா லீவில் இருந்தாலும் பழக்கதோஷத்தில் படிப்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் இழுக்கவில்லை. அத்தை வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். அம்மா வாயைத் திறந்தாள், மாமா கண்ணைக் காட்டியதும் மூடிக்கொண்டாள். களத்தின் வேலி தெரிந்தது. அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆள் எறங்கோணும்!"

என் சத்தத்துக்கு டிரைவர் போட்ட பிரேக்கில் நின்றவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். தடுமாறி இறங்கினதில் போர்டை பஸ்ஸிலேயே விட்டுவிட்டோம். அதை நான் மறுபடி பார்க்கவே இல்லை. ஆனால் அதற்கப்புறம் கொஞ்ச நாள் கோவிந்தாபுரம் பக்கம் ஒரு பஸ் முகப்பில் "அனைவரும் வருக" என்று மாட்டிக்கொண்டு ஓடியதாக மாமா வந்து சொன்னார். யாரோ பலகையைத் திருப்பி மாட்டிவிட்டார்களாம். சனங்கள் எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாமலேயே ஏறிக்கொண்டிருந்தார்களாம்.

முக்கிலிருந்து வீட்டுக்கு வருகிற மண் பாதையில் அப்பா முன்னால் போனார், நான் பின்னால் போனேன். களத்துப் படலைத் திறக்கிற இடத்தில் நின்றார். திரும்பிப் பார்க்காமல், படலிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"உபன்யாசம் நல்லாத்தான் இருந்துது அம்மிணி. பள்ளிக்கொடம் தொறந்ததும் சித்தூர்ல சேத்தி உட்டர்லாம்."